தையல்நாயகியின் வயிற்றில் இருந்தவர்கள்

வயிற்றில் இருப்பது நாற்பதாயிரம் வருஷத்துப் பழையது என்று அந்தப் பெண் சொன்னபோது, போன வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் சாப்பிட்ட சுண்டலைச் சொல்கிறாள் என்றுதான் தையல்நாயகி நினைத்தாள்.

“அது நான் சமைச்சதில்லம்மா. வேற பார்ட்டி. அவங்க எப்பவுமே கடலையை முதல் நாளே வேகவெச்சிடுவாங்க” என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததும் வயது குறைந்து தெரிந்தது. முப்பத்தெட்டு இருக்கலாம். பெயர் மாதங்கி. டாக்டர்தான், ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லையாம்.

ஓராழிக் கண்டத்தின் கிழக்குக் கரையில், இறங்குதுறைப் பட்டினத்தில், கல்யாணம் பேசி முடித்தவர்கள் மண்டபம் பார்க்கப் போவதற்கு முன்னால் தையல்நாயகிக்கு அந்த முகூர்த்தம் ஒழிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வார்கள். ஆயிரம் இலை விழுந்தாலும் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே ருசியில் சாம்பார் இறக்குகிறவள். ஐம்பத்திரண்டு வயது, கனத்த குரல், யாரையும் உட்காரவைத்துச் சாப்பிடவைக்கிற அதட்டல். ஆனால் இரண்டு வருஷமாகத் தான் சமைத்ததைத் தானே சாப்பிட முடியவில்லை. காரம் பட்டால் நெஞ்சுக்குழிக்குக் கீழே தீக்குச்சி கிழித்தாற்போல எரியும். குழுவின் கணக்குவழக்கையும் ஆள் அம்பையும் பார்த்துக்கொள்ளும் மகள் இன்பவல்லிதான், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது. புண்ணை உண்டாக்கிய கிருமியும் இருந்தது. ஆஸ்பத்திரியே அதிசயப்பட்டது அதற்குத்தான். நாற்பது வருஷத்துக்கு முன்பு ஓராழி அரசாங்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மாத்திரை கொடுத்து அந்த வயிற்றுக் கிருமியைக் கண்டத்தை விட்டே விரட்டியிருந்தது. இப்போதிருக்கிற இளம் டாக்டர்கள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அதனால் கிள்ளி எடுத்த சதைத் துணுக்கு மாதங்கியின் சோதனைக் கூடத்துக்குப் போயிற்று.

“உங்களுக்கு மாத்திரை குடுக்கலையாக்கா?” என்று மாதங்கி கேட்டாள்.

“எங்கம்மா கரையோரக் கப்பல்ல சமையல்காரி. நான் வளர்ந்ததெல்லாம் கப்பல்லதான். பள்ளிக்கூடத்துல நான் உட்கார்ந்தது மொத்தமே ரெண்டு மழைக்காலம்.”

“அதான் தப்பிச்சிருக்கு.”

“நானா, கிருமியா?”

“கிருமிதான்க்கா.”

“தப்பிச்சது போதும். நீங்க மாத்திரையை எழுதிக் குடுங்க” என்று இன்பவல்லி குறுக்கிட்டாள்.

“எழுதிக் குடுத்துடுவாங்க. ரெண்டு வாரத்துல சரியாயிடும்” என்றாள் மாதங்கி. பிறகு கொஞ்சம் தயங்கி, “அதுக்கு முன்னாடி இது என்னன்னு சொல்லிடறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க” என்றாள்.

அவள் சொன்னது ஆஸ்பத்திரியில் முடியவில்லை. மறுநாள் தையல்நாயகியின் சமையல் கொட்டகைக்கே வந்துவிட்டாள். அன்று முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி ஒரு தாம்பாளத்தில் மாவைப் பரப்பி அவள் பக்கம் தள்ள, மாதங்கி அதில் விரலால் ஓராழியை வரைந்தாள். வடக்கே மூக்கு மாதிரி நீண்ட வடமுனை, நடுவில் மேட்டு நிலம், அதிலிருந்து கிழக்கே இறங்கும் நெடுவாய் ஆறு, தெற்கே உப்புக்குகைகள்.

“முந்தியோரைப் பத்தி உங்களுக்குத் தெரியும்தானே?”

“அதை யாரு தெரியாதும்பா? குகையில படம் வரைஞ்சவங்க. நாம வர்றதுக்கு முன்னாடியே அழிஞ்சு போனவங்க.”

“அவங்கதான். உலகத்துல நிறையத் தண்ணி பனியா உறைஞ்சு கிடந்தப்ப கடல் இறங்கியிருந்துச்சு. தீவுக்குத் தீவு கட்டுமரத்துல தாவி, இங்க, இந்த மூக்கு நுனியில வந்து ஏறினாங்க. உள்ளே போகலை. கரையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாங்க. சிப்பி, மீன், ஆமை, இதுங்களே போதுமானதா இருந்துச்சு. நடந்து நடந்து கண்டத்தைச் சுத்தி முடிக்கவே பல தலைமுறை. அப்புறம்தான் ஆத்தைப் பிடிச்சு மேட்டுக்கு ஏறினாங்க. அங்க அடுப்பு எரிச்ச கல்லெல்லாம் இன்னும் கருப்பா கிடக்கு. பின்னாடி பனி உருகி, கடல் ஏறி, கரை சுருங்கிப்போச்சு. மேட்டுல மழை நின்னுபோச்சு. அவங்களும் கொஞ்சம் கொஞ்சமா தெற்கே ஒதுங்கினாங்க. கடைசியா கிடைச்ச எலும்பு மூவாயிரம் வருஷத்துக்கு முந்தினது. அதுக்கு அறுநூறு வருஷம் கழிச்சு வடக்கேயிருந்து நம்ம படகுங்க வந்து இங்க இறங்குறப்ப, ஒரு ஆளும் இல்ல.”

“ஆளில்லா மண்ணில் விளக்கேற்றினோம்” என்று இன்பவல்லி பள்ளிக்கூடப் பாட்டை மெல்லப் பாடினாள். ஓராழியில் அந்தப் பாட்டைத் தெரியாத குழந்தை கிடையாது. இறங்குநாள் விழாவில் தொடங்கி வழக்காடு மன்றத்தில் நிலப் பட்டா வாசிப்பது வரைக்கும் அந்த வரி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

“நம்ம ஜனங்க ரத்தத்துல முந்தியோர் ரத்தம் துளிகூட இல்லைன்னு பரிசோதனை பண்ணிப் பார்த்தாச்சு” என்றாள் மாதங்கி. “ரெண்டு ஜனமும் சந்திக்கவே இல்லைங்கறதுக்கு அதைத்தான் ஆதாரமாச் சொல்றாங்க. ஆனா உப்புக்குகையில ஒரு முந்தியோர் உடம்பு கிடைச்சது, அழுகாம. அவர் வயித்துல ஒரு கிருமி இருந்துச்சு. வேற எங்கயும் இல்லாத ரகம். இப்ப உங்க வயித்துல இருக்கறது அதே ரகம்.”

கொட்டகையில் மாவு சலிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

“அவங்க எச்சில் பட்ட பாத்திரம் கித்திரம் ஏதாவது…” என்று தையல்நாயகி இழுத்தாள்.

“இது பாத்திரத்துல தங்காதுக்கா. காத்துல வராது. சமைச்ச சாப்பாட்டுல வராது. சின்ன வயசுல, வாயிலேருந்து வாய்க்குத்தான் போகும். பல்லு முளைக்காத குழந்தைக்கு அம்மா மென்னு ஊட்டுவா இல்லையா, அப்படி. உங்களுக்கு உங்கம்மா, அவங்களுக்கு அவங்கம்மா, அப்படியே போய்க்கிட்டே இருந்தா ஒரு இடத்துல…” மாதங்கி மாவில் போட்டிருந்த கோட்டின் நுனியில் விரலை வைத்தாள். “ஒரு முந்தியோர் ஆள் நம்ம குழந்தை ஒண்ணுக்கு மென்னு ஊட்டியிருக்கணும்.”

தையல்நாயகி அந்தத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதங்கி கேட்டது ஒரு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும். அதுவரைக்கும் கிருமியைக் கொல்லக் கூடாது. கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தாகிவிட்டது. அது மனுஷ வயிற்றைத் தவிர வேறெங்கும் உயிர் வைத்திருக்க மாட்டேன் என்கிறது.

“எடுத்த துணுக்குலயே எல்லாம் தெரியாதா?” என்று இன்பவல்லி கேட்டாள்.

அதற்கு மாதங்கி பதில் தேடுவதற்குள் தையல்நாயகியே சொன்னாள்: “மாவு மாதிரியா? புளிப்பைப் பார்த்து எப்ப ஆட்டினதுன்னு சொல்லலாம். ஆனா இந்த ஊர் வெக்கைக்கு எவ்வளவு சீக்கிரம் புளிக்கும்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும். அப்பப்ப எடுத்து வாயில வெச்சுப் பார்த்தாத்தான் அது தெரியும்.”

“அதேதான்க்கா. இது மாறுற வேகம் தெரிஞ்சா, நம்ம பக்கம் எப்ப தாவுச்சுன்னு கணக்குப் போட்டுடுவேன்.”

“அம்மா வலியில துடிக்கறா. உங்களுக்குக் கணக்கு” என்றாள் இன்பவல்லி.

“அதுவும் நிஜம்” என்று மாதங்கி ஒப்புக்கொண்டாள். “புண் பெரிசாகலாம். ரத்தம் கசியலாம். அப்படி ஆனா அன்னைக்கே மாத்திரை. இப்பவே வேண்டாம்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அன்று மாலை தாயும் மகளும் சண்டை போட்டார்கள். செத்துப்போன யாரோ எதையோ ஊட்டியதற்கு நீ ஏன் எரிந்து சாக வேண்டும் என்று மகள் கேட்டாள். தையல்நாயகி முப்பது வருஷமாக ஊருக்குச் சோறு போடுகிறாள். யார் பசியோடு இருக்கிறார்கள், யார் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருக்கிறார்கள் என்று பந்தியின் ஒரு கோடியில் நின்றே சொல்லிவிடுவாள். இங்கே ஒரு குழந்தை பசித்திருக்கிறது. யாரோ ஒருவர் மென்று ஊட்டியிருக்கிறார். அந்தக் குழந்தையின் அம்மா எங்கே போனாள்?

“அது தெரியாம எனக்குத் தூக்கம் வராதுடி” என்றாள்.

வருஷம் மெதுவாகத்தான் நகர்ந்தது. குழைந்த சோறும் மோரும் அவள் ஆகாரம். ஒருநாள் மாதங்கி அவளை அருங்காட்சியகத்தின் குளிர் அறைக்கு அழைத்துப்போய் உப்புக்குகையில் கிடைத்த மனிதரைக் காட்டினாள். சுருங்கிய, பழுப்பேறிய உடம்பு. முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் படுத்திருந்தார். பிணம் என்று பயந்துகொண்டு போனவளுக்கு அவரைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். தையல்நாயகி குனிந்து வாயைப் பார்த்தாள்.

“பல்லெல்லாம் இப்படித் தேஞ்சிருக்கே?”

“எல்லாத்தையும் பல்லாலதான் செஞ்சாங்க. தோலை மென்னு பதமாக்குவாங்க. நாரை மென்னு கயிறு திரிப்பாங்க.”

“இவருக்கும் புண் இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா. உங்களுக்கு இருக்கற அதே இடத்துல.”

கிளம்பும்போது தையல்நாயகி, பந்தி முடிந்து விடைபெறும் பழக்கத்தில், அவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்தாள்.

மூன்றாவது துணுக்கு எடுத்த சமயத்தில் விஷயம் வெளியே கசிந்தது. எப்படிக் கசிந்தது என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. ஆனால் செய்தியில் வந்தபோது அது வேறு உருவம் எடுத்திருந்தது. ‘முந்தியோர் நோய் திரும்பியது’ என்றார்கள். ‘கல்யாணச் சமையல்காரியின் வயிற்றில்’ என்றார்கள். மாதங்கி தொலைக்காட்சியில் வந்து, சமைத்த உணவில் இது பரவாது, அந்த அம்மாவின் குழுவில் ஒருவருக்கும் இல்லை, சோதித்தாகிவிட்டது என்று தொண்டை வறளச் சொன்னாள். யார் காதில் வாங்கினார்கள்?

அந்த வாரமே ஆறு கல்யாணங்கள் கையைவிட்டுப் போயின. ஏழாவது கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், இலையில் பரிமாறிய பிறகு, எழுந்து நின்று கேட்டார்: “இதை அந்தம்மா தொட்டாங்களா?” பந்தி முழுக்கக் கை நின்றது. இன்பவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். தையல்நாயகி அவளைத் தடுத்துவிட்டு, “தொட்டேன்யா. உப்பு, புளி, காரம் எல்லாம் என் கையாலதான் போட்டேன்” என்றாள். ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆவி பறக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்கள். அவள் வாழ்க்கையில் அதுவரைக்கும் சாப்பிடாமல் விட்ட இலையைப் பார்த்ததில்லை.

அதைவிட இன்னொரு கேள்வி ஊரை உள்ளுக்குள் அரித்தது. முந்தியோர் அப்போதும் இருந்தார்கள் என்றால் அவர்கள் எப்படி இல்லாமல் போனார்கள்? நாம் வந்து இறங்கின அன்றைக்கு இங்கே ஆள் இருந்தார்கள் என்றால், அடுத்த நாள் என்ன நடந்தது? அதை வாய்விட்டுக் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அந்த எரிச்சலெல்லாம் சமையல்காரியின் மேல் திரும்பியது. கொட்டகைச் சுவரில் யாரோ கரியால் ‘பொய் வயிறு’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

இன்பவல்லி அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அவ்வளவு நாள் மாத்திரை மாத்திரை என்று நச்சரித்தவள், அன்று அம்மாவிடம், “இன்னும் ஒரு துணுக்குதானே பாக்கி? முடிச்சுட்டே போம்மா. என்ன ஆனாலும் தெரிஞ்சுக்குவோம்” என்றாள்.

நான்காவது துணுக்குக்குப் பிறகு மாதங்கிக்குக் கணக்கு பிடிபட்டது. கிருமி தாவியது, படகுகள் இறங்கிய அதே தலைமுறையில். அந்த ஆதாரத்தைக் காட்டித்தான், இதுவரைக்கும் யாரையும் உள்ளே விடாத இறங்குதுறைப் பழைய இடுகாட்டில் கைவைக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே படுத்திருந்த, முதல் படகில் வந்த ஜனங்களின் பற்களில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்துப் போனாள். இரண்டு மாதம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு ஒரு காலை நேரம், வேலை இல்லாமல் அடுப்பு அணைந்து கிடந்த கொட்டகைக்கு வந்து, கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டியா?” என்றாள் தையல்நாயகி.

“அப்புறம்க்கா. முதல்ல கேளுங்க. படகுல வந்த பெரியவங்க பல்லுல வடக்குக் கிருமிதான் இருந்துச்சு. நம்ம ஜனங்க கூடவே கொண்டுவந்தது. அதுல அதிசயம் இல்ல. ஆனா அவங்கள்ல ஏறக்குறைய எல்லாருமே இறங்கின முதல் மழைக்காலத்துலயே செத்திருக்காங்க. ஏதோ காய்ச்சல். ஆம்பளை, பொம்பளை எல்லாரும், ஒரே மண்ணடுக்குல.”

“குழந்தைங்க?”

“குழந்தைங்க சாகலை. வளர்ந்திருக்காங்க. வளர்ந்து, கல்யாணம் பண்ணி, வயசாகித்தான் செத்திருக்காங்க. அந்தக் குழந்தைங்க அத்தனை பேர் பல்லுலயும் முந்தியோர் கிருமி.”

தையல்நாயகி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

“ஒரு குழந்தைன்னில்ல நீ சொன்னே?”

“நான் நினைச்சது அப்படித்தான். ஒரு படகுக் குழந்தைங்க மொத்தமும்க்கா. பின்னாடி வந்த படகுங்க வர்றப்ப இந்தப் பிள்ளைங்க பெரியவங்களாகி நின்னிருக்காங்க. அதுக்குள்ள முந்தியோர் இல்ல. வந்தவங்க ஆளில்லா மண்ணுன்னு எழுதிட்டாங்க.”

“இந்தப் பிள்ளைங்க சொல்லியிருப்பாங்களே, எங்களை வளர்த்தாங்கன்னு?”

“சொல்லியிருக்கலாம். யாரும் எழுதலை.”

“அப்ப நாம அவங்களைக் கொல்லலை.” இதைக் கேட்டது இன்பவல்லி. அவள் எப்போது வந்து நின்றாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

“கொன்னதுக்கு அடையாளம் இல்ல. எனக்குத் தோணுறதைச் சொல்றேன், நிரூபிக்க முடியாது. அந்தக் குழந்தைங்ககிட்ட இருந்த கிருமி எல்லாம் ஒரே அச்சு, வேற கிளையே இல்ல. தாவுற சமயத்துல முந்தியோர் ஒரு கைப்பிடிப் பேர்தான் இருந்திருக்கணும். அவங்க ரத்தம் நம்ம யார்கிட்டயும் இல்ல, அப்போ அவங்களுக்குப் பிள்ளை பிறக்கிற வயசு தாண்டியிருக்கலாம். அவங்க ஜனத்துல கடைசியா மிஞ்சின பெரியவங்க. அவங்களுக்குப் பின்னாடி யாரும் இல்ல. அப்பதான் கரையில அழற குழந்தைங்களைப் பார்த்திருக்காங்க.”

தையல்நாயகி, “அவங்களுக்கும் வலிச்சிருக்கும் இல்ல?” என்றாள்.

“எல்லாருக்கும் இல்லக்கா. சிலருக்கு வலிச்சிருக்கும்.”

“தான் விழுங்க முடியாததை மென்னு ஊட்டியிருக்கா” என்று தையல்நாயகி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

சேதி வெளியானதும் ஊர் ஒரே நாளில் மாறிப்போனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் வாசலில் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணங்கள் திரும்பி வந்தன. வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாமா என்று ஒரு அம்மாள் கேட்டாள். நாங்கள் கொலைகாரர்களின் வம்சம் இல்லை என்ற நிம்மதி ஒவ்வொருவர் முகத்திலும் இருந்தது. அந்த நிம்மதியைத் தையல்நாயகியின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டதாக ஒருவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

மரபுத் துறையிலிருந்து சிற்றம்பலம் என்ற அதிகாரி பொன்னாடையோடு வந்தார். போர்த்தினார், படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு உட்கார்ந்து, பாயசம் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

“அம்மா, உங்க வயித்துல இருக்கறது இனிமே நாட்டோட சொத்து. முந்தியோர்கிட்டேருந்து உயிரோட வந்திருக்கிற ஒரே பொருள் அதுதான். அதனால துறையோட அனுமதி இல்லாம நீங்க எந்த மருந்தும் எடுத்துக்கக் கூடாதுன்னு ஆணை போட்டிருக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். “வேற ஏற்பாடு ஆகற வரைக்கும். உங்க உடம்பை நாங்க நல்லா பார்த்துக்குவோம். மாசாமாசம் டாக்டர் வருவாங்க.”

“எனக்கு வலிக்குதுய்யா.”

“வலிக்கு மருந்து குடுப்பாங்க. கிருமிக்கு மட்டும்தான் கூடாது” என்றார் அவர், ரொம்பக் கனிவாக.

அடுத்த வாரம் தையல்நாயகி கறுப்பாக ரத்த வாந்தி எடுத்தாள். இன்பவல்லி மாதங்கியைக் கூப்பிட்டாள். மாதங்கி வந்தபோது அவள் கையில் மாத்திரை இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆணையைக் காட்டுவார்கள் என்று தானே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“இது தெரிஞ்சா உன்னை வேலையைவிட்டுத் தூக்கிடுவாங்க” என்றாள் தையல்நாயகி, படுத்தபடியே.

“ரத்தம் வந்தா அன்னைக்கே மாத்திரைன்னு நான் சொல்லியிருக்கேன். அவங்க ஆணைக்கு முன்னாடி சொன்ன சொல்லு அது.”

“அந்த நாற்பதாயிரம் வருஷம்?”

“நீங்க சாப்பிடுங்கக்கா.”

“முழுசாத் தெரிஞ்சுக்கிட்டியா? வேற ஒண்ணும் பாக்கி இல்லையே?”

மாதங்கி ஒரு கணம் நிறுத்தி, “இல்லை” என்றாள்.

தையல்நாயகி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. பல்லாயிரம் பேர், ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு, வெயிலிலும் பனியிலும் நடந்து கொண்டுவந்து சேர்த்தது. தன் அம்மா கப்பல் அடுப்படியில் தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடுத்தது. அது தன்னோடு முடிகிறது. ஆனாலும் அவளுக்குப் பசித்தது. மூன்று வருஷமாகப் பசித்தது. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

இரண்டு வாரத்தில் வலி அடங்கியது. மாதாந்திர டாக்டர் வந்து ஒரு பையில் ஊதச் சொல்லி மூச்சைச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். சிற்றம்பலம் மறுபடியும் வந்து உரக்கப் பேசினார், கனிவெல்லாம் போயிருந்தது. நாட்டுக்குத் துரோகம் என்றார். “எனக்குச் சாப்பிடணும்போல இருந்துச்சு” என்பதைத் தவிர தையல்நாயகி வேறெதுவும் சொல்லவில்லை. கல்யாணச் சமையல்காரியைச் சிறையில் வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். விட்டுவிட்டார்கள். மாதங்கிக்கு மட்டும் பதவி போயிற்று. ஏதோ ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டார்கள்.

அடுத்த தை மாதம் இன்பவல்லிக்குக் கல்யாணம். மகள் கல்யாணத்துக்கு இன்னொருத்தர் சமைப்பதா என்று தையல்நாயகியே கரண்டி பிடித்தாள். மிளகாய் கிள்ளிப்போட்ட வத்தக்குழம்பு வைத்து, முதல் கரண்டியைச் சோற்றில் பிசைந்து தானே சாப்பிட்டாள். கண்ணில் நீர் வருகிற காரம். ஆனந்தமாக இருந்தது.

மாதங்கி கடைசிப் பந்திக்கு வந்து கோடியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். தையல்நாயகி தானே குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“எனக்குக் குழம்பு வேண்டாம்க்கா. மோர் மட்டும்.”

“நல்லாருக்கே. உனக்குன்னு ஒரு பங்கு எடுத்து வெச்சிருக்கேன்.”

“வேண்டாம்க்கா.”

பந்தியில் யார் பசியோடு சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று பார்த்ததும் சொல்கிற கண் அது. தையல்நாயகி வாளியைக் கீழே வைத்தாள்.

“எப்ப?” என்றாள்.

மாதங்கி இலையைப் பார்த்துக்கொண்டு, “உங்ககிட்ட எடுத்த கடைசித் துணுக்குல பாதியை. எடுத்த சூட்டோட கஞ்சியில போட்டுக் குடிச்சேன்” என்றாள்.

“அப்ப அன்னைக்கு மாத்திரை கொண்டுவந்தப்பவே…”

“ஆமாக்கா. அது என்கிட்ட ஏறிடுச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான், அழிஞ்சிடும்கற கவலை இல்லாம உங்களுக்குக் குடுக்க முடிஞ்சது.”

“பைத்தியக்காரி! படிச்சவளா நீ? எரியுமே! ரத்தம் வருமே! நான் பட்டது பத்தாதா?” பந்தி திரும்பிப் பார்த்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். “துறைக்குத் தெரியுமா?”

“தெரியாது. நான் வேண்டாம்னு முடிவு பண்ற அன்னைக்கு மாத்திரை போட்டுக்குவேன். யாரையும் கேட்க வேண்டியதில்ல.”

“அப்படி என்னடி இன்னும் தெரிஞ்சுக்கணும்?”

“எத்தனை வருஷம் வளர்த்தாங்கன்னு. ஒரு மழைக்காலமா, பத்து வருஷமா? பிள்ளைங்க பெரிசாகி அவங்களுக்குத் திருப்பி ஊட்டினாங்களா? அதுவும் இதுலயே இருக்குக்கா. பிள்ளைங்ககிட்டேருந்து கிருமி அவங்ககிட்ட திரும்பிப் போயிருந்தா அதோட தடம் இருக்கும்.”

தையல்நாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சோற்றைக் கைபடக் குழைய மசித்து, பாலும் கொஞ்சம் மோரும் விட்டு, உப்பை மட்டும் போட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்தாள். அதை மாதங்கியின் இலையில் வைத்துவிட்டு, கோபம் இன்னும் அடங்காத மூச்சோடு, எதிர் இலைக்கு முன்னால் தானும் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டுக்கிட்டே சொல்லு” என்றாள். “இதுவரைக்கும் என்ன தெரிஞ்சுது?”